பிட் அடிக்கலாம் வாங்க: சி மொழி கேள்வி-பதில்

(தலைப்பைப் பார்த்துப் பரீட்சை ஹால் ஞாபகம் வந்தவர்கள் மன்னிக்கவும். இது 0, 1 என்ற பிட்.)

குறிமுறை பற்றி ஒரு வார்த்தை. கீழே வரும் நிரல் வரிகளில் மாறிகளின் பெயர்கள் தமிழில் உள்ளன. ஜிசிசி 10 முதலும், கிளாங்கிலும் இவற்றை அப்படியே அடிக்கலாம், கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். இஃப், ஃபார் போன்ற விசைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் அடியுங்கள். யு8, யு64 என்று நாங்கள் எழுதுவது ஸ்டிடின்ட் ஹெடரில் இருக்கும் 8 பிட், 64 பிட் அன்சைன்டு (குறைஎண் இல்லாத) டைப்களின் சுருக்கம்.

கேள்வி: 10 லட்சம் வரையுள்ள பகா எண்களைச் சல்லடை முறையில் எடுக்க, மெயினுக்குள் இன்ட் அரே ஒன்று வைத்தேன். ஓட்டியதும் புரோகிராம் விழுந்துவிடுகிறது. "பிட் அரே போடு" என்கிறார்கள். எப்படிப் போடுவது, ஐயா?
(மூன்றாம் ஆண்டு மாணவர், திண்டுக்கல்)

இன்ட் ஒன்றுக்கு 4 பைட். 10 லட்சத்துக்கு 40 லட்சம் பைட். விண்டோஸில் ஒரு புரோகிராமுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஸ்டாக் (ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் மாறிகள் நிற்கும் இடம்) 1 எம்பிதான். அதனால்தான் விழுகிறது. அரேயை மெயினுக்கு வெளியே எடுத்து வைத்தாலே விழுவது நிற்கும். ஆனாலும் "பகா எண்ணா, இல்லையா" என்ற ஒரு சேதிக்கு 32 பிட் கொடுப்பது ஒற்றை ஆளுக்குக் கல்யாண மண்டபம் பிடித்த கதை.

யு8 அரே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் அடை. எண் ந எந்தப் பைட்டில் இருக்கிறது என்பதை ந / 8 சொல்லும். அந்தப் பைட்டுக்குள் எத்தனையாவது பிட் என்பதை ந % 8 சொல்லும். மீதி நான்கே வரிகள்:

அடை[ந / 8] |= 1 << (ந % 8);  — செட் செய்ய (1 ஆக்க)
அடை[ந / 8] &= ~(1 << (ந % 8));  — கிளியர் செய்ய (0 ஆக்க)
அடை[ந / 8] ^= 1 << (ந % 8);  — டாகிள் செய்ய (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்ற)
(அடை[ந / 8] >> (ந % 8)) & 1  — இருக்கிறதா என்று பார்க்க

77-ஐ வைத்துப் பாருங்கள். 77 / 8 = 9, மீதி 5. ஒன்பதாம் பைட்டில் ஐந்தாம் பிட் (இரண்டும் 0-இலிருந்து எண்ணி), மாஸ்க் (வேண்டிய பிட்டைக் குறிக்கும் எண்) 0010 0000. இரண்டாவது வரியில் அந்த ~ குறி விட்டுப்போனால் மாஸ்க் தலைகீழாகிவிடும். கிளியர் செய்ய நினைத்த பிட் அப்படியே நிற்கும், மற்ற ஏழும் துடைக்கப்படும்.

அரேயின் அளவில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 0 முதல் 10,00,000 வரை என்றால் 10,00,001 பிட்கள். வெறுமனே 8-ஆல் வகுத்து 1,25,000 பைட் ஒதுக்கினால், எண் 10,00,000 போய் உட்காரும் இடம் அடை[125000]. அது அரேக்கு ஒரு பைட் வெளியே. (பிட்கள் + 7) / 8 என்று எழுதிப் பழகுங்கள், 1,25,001 வரும். இன்னும் மிச்சப்படுத்த வேண்டுமா? 2-ஐத் தவிர இரட்டைப்படை எண் எதுவும் பகா எண் இல்லை. ஒற்றைப்படைகளை மட்டும் ந / 2 என்ற இடத்தில் வைத்தால் 62,500 பைட்டில் முடிந்துவிடும்.

ந எப்போதும் அன்சைன்டாக இருக்கட்டும். குறைஎண் வந்தால் சி-யில் % மீதியும் குறைஎண்ணாக வரும், அதைக் கொண்டு ஷிஃப்ட் செய்வது (பிட்களை நகர்த்துவது) விபரீதம்.

கேள்வி: அதே முறையில் யு8-க்குப் பதில் யு64 வைத்து, 8 என்ற இடத்திலெல்லாம் 64 போட்டேன். 31-க்குக் கீழே எல்லாம் சரி. 31-ஐ செட் செய்தால் மேலே உள்ள அத்தனையும் 1 ஆகிவிடுகிறது. 40-ஐ செட் செய்தால் 8 செட் ஆகிறது. என் கணினிக்குக் கோளாறா?
(நிரலாளர், கொழும்பு)

கணினி நன்றாகவே இருக்கிறது. கோளாறு அந்த '1'-இல். நிரலில் வெறுமனே 1 என்று எழுதினால் அது இன்ட், உங்கள் கணினியில் 32 பிட், குறியுள்ளது (சைன்டு). இடப்பக்கம் 64 பிட் அரே காத்திருக்கிறது என்பதை சி கவனிப்பதில்லை. வலப்பக்கக் கணக்கை 32 பிட்டில் முடித்த பிறகுதான் அதை அகலமாக்கும்.

1 << 40 என்பது அகலத்தைத் தாண்டிய ஷிஃப்ட். விளைவு என்ன என்று மொழியின் தரம் (ஸ்டாண்டர்டு) வரையறுக்கவில்லை. இன்டெல் பிராசசர் 32 பிட் ஷிஃப்டில் எண்ணிக்கையின் கடைசி 5 பிட்களை மட்டும் பார்க்கும். 40-இல் 32 போக 8, ஆக 1 << 8. நீங்கள் பார்த்தது அதுதான். இதே நிரலைப் பழைய 32 பிட் ஆர்ம் (இன்னொரு பிராசசர் வகை) போர்டில் ஓட்டினால் 0 வரலாம். ஆப்டிமைசேஷன் போட்டால் இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்றும் வரலாம்.

1 << 31 வேறு வகை. 32 பிட் இன்ட்டில் 31-ஆவது பிட் குறி பிட். அங்கே 1 போய் உட்கார்ந்ததும் எண் குறைஎண்ணாகிறது. அதை 64 பிட்டாக நீட்டும்போது குறி பிட்டின் நகல் மேலே முழுக்க நிரம்பும். 31 முதல் 63 வரை 33 பிட்களும் 1. இதுவும் தரத்தின்படி வரையறுக்கப்படாத செயலே.

(யு64)1 << (ந % 64) என்று எழுதுங்கள். 1-க்குப் பின்னால் யுஎல் ஒட்டும் பழக்கமும் உண்டு. அது 64 பிட் லினக்ஸில் சரி, ஆனால் விண்டோஸில் லாங் என்பது 32 பிட்தான், பழைய கதை திரும்பும். கம்பைல் செய்யும்போது ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உள்ள அன்டிஃபைன்ட் சானிடைசரை (வரையறுக்கப்படாத செயல்களைப் பிடிக்கும் சோதனையை) போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். "32 பிட் இன்ட்டுக்கு 40 மிகப் பெரியது" என்று வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: இஃப் (நிலை & 4 == 4) என்று எழுதினேன். நிலை 5 என்றால் உள்ளே போகிறது, 6 என்றால் போகவில்லை. இரண்டிலும் 4 இருக்கிறதே?
(பாலிடெக்னிக் மாணவி, நாகர்கோவில்)

== குறிக்கு & குறியைவிட முன்னுரிமை. முதலில் 4 == 4 கணக்காகி 1 வருகிறது. பிறகு நிலை & 1. ஆக நீங்கள் இரண்டாம் பிட்டைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பூஜ்யமாம் பிட்டைப் பார்க்கிறீர்கள். 5 (0101) பிழைத்தது அதிர்ஷ்டம், 6 (0110) மாட்டிக்கொண்டது. (நிலை & 4) == 4 என்று அடைப்புக்குறி போடுங்கள்.

இந்த முன்னுரிமை இப்படி அமைந்ததற்கு சி-யை உருவாக்கிய டெனிஸ் ரிட்சியே காரணம் சொல்லியிருக்கிறார். சி-க்கு முன்பிருந்த பி மொழியிலும் சி-யின் ஆரம்ப நாட்களிலும் && கிடையாது. இஃபுக்குள் 'மற்றும்' என்பதற்கும் & குறிதான். அந்த வேலைக்கு == முதலில் கணக்காவதே வசதி. பிறகு && வந்தது. ஆனால் அதற்குள் எழுதப்பட்டிருந்த நிரல்கள் உடைந்துவிடும் என்று & குறியின் இடத்தை மாற்றாமல் விட்டார்கள். அந்த ஒரு தயக்கத்துக்கு இன்றுவரை நாம் அடைப்புக்குறி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கூட்டல் குறியும் இதே ரகம். 1 << 3 + 1 என்றால் 9 அல்ல, 16.

கேள்வி: 256 பிட் நீள வரிசை ஒன்றை நான்கு யு64-களில் வைத்திருக்கிறேன். மொத்தத்தையும் க இடங்கள் இடப்பக்கம் தள்ள ஃபங்ஷன் எழுதினேன். எல்லா எண்ணுக்கும் சரியாக வருகிறது, 64-க்கும் 128-க்கும் மட்டும் குப்பை வருகிறது. சில நேரம் லூப்பே நிற்பதில்லை.
(மென்பொருள் பொறியாளர், கோவை)

நல்ல கேள்வி. விரிவாகவே பார்ப்போம். முதலில் சின்ன அளவில், இரண்டு 8 பிட் சொற்கள் (சொல் என்றால் இங்கே வேர்ட், ஒன்றாகக் கையாளும் பிட்களின் கட்டு): மேல் 0000 0001, கீழ் 1011 0000. மொத்தத்தையும் 3 இடம் தள்ள வேண்டும். கீழ்ச் சொல்லின் தலையிலிருந்து 101 வெளியே விழும், மிஞ்சுவது 1000 0000. மேல் சொல் 3 தள்ளி 0000 1000 ஆகும். விழுந்த 101 அதன் வாலில் ஒட்ட வேண்டும்: 0000 1101. விழுந்ததைப் பிடிக்கும் வழி, பழைய கீழ்ச் சொல்லை 8 - 3 = 5 இடம் வலப்பக்கம் தள்ளுவது.

இப்போது 64-க்கு வாருங்கள். சொல்[0]-இல் கீழ்ப் பிட்கள் இருப்பதாகக் கொள்வோம். தாவல் = க / 64, மிச்சம் = க % 64.

ஃபார் (இ = 4; இ-- > தாவல்; ) {
  புது = சொல்[இ - தாவல்] << மிச்சம்;
  இஃப் (மிச்சம் != 0 && இ > தாவல்)
    புது |= சொல்[இ - தாவல் - 1] >> (64 - மிச்சம்);
  சொல்[இ] = புது;
}

அதன் பிறகு சொல்[0] முதல் சொல்[தாவல் - 1] வரை 0 போட வேண்டும்.

உங்கள் குப்பைக்குக் காரணம் மிச்சம் != 0 என்ற சோதனை இல்லாததுதான். க 64 ஆனால் மிச்சம் 0, ஆக >> 64. முந்தைய கேள்வியில் பார்த்த அதே வியாதி. இன்டெல் 64 பிட் ஷிஃப்டில் கடைசி 6 பிட்களைப் பார்க்கும், 64 அங்கே 0 ஆகிவிடும். தள்ளாமல் பக்கத்துச் சொல் முழுவதையும் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறது. இஃப் வேண்டாம் என்பவர்கள் (கீழ் >> 1) >> (63 - மிச்சம்) என்று எழுதுவார்கள். மிச்சம் 0 என்றால் முதலில் ஒன்று, பிறகு 63 என்று தள்ளப்பட்டு ஒழுங்காக 0 வரும். எந்த ஷிஃப்டும் 63-ஐத் தாண்டாது. எங்களுக்கு இஃப் போட்டதே பிடிக்கும், ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும்.

லூப் மேலிருந்து கீழே வருவதைக் கவனியுங்கள். இடப்பக்கம் தள்ளும்போது ஒவ்வொரு சொல்லும் தனக்குக் கீழே உள்ளதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கீழிருந்து ஆரம்பித்தால் எடுக்க வேண்டிய சொல் ஏற்கெனவே மாற்றி எழுதப்பட்டிருக்கும். வலப்பக்கம் தள்ள இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

லூப் நிற்காததற்குக் காரணத்தையும் ஊகிக்கலாம்: இ = 3; இ >= தாவல்; இ-- என்று எழுதி, இ அன்சைன்டாக இருந்திருக்கும். தாவல் 0 என்றால் அன்சைன்டு எண் 0-க்குக் கீழே போகவே போகாது, சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போய்விடும். மேலே உள்ள இ-- > தாவல் என்ற வடிவம் முதலில் ஒப்பிட்டு, பிறகு குறைப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. க 256-ஐத் தொட்டால் நான்கு சொற்களையும் 0 ஆக்கிவிட்டு உடனே திரும்பிவிடுங்கள். இல்லாவிட்டால் க 320-ஐத் தொட்டதும் 0 போடும் பகுதி அரேயைத் தாண்டி எழுதும்.

கேட்காத ஒன்று: நீளம் 64-இன் மடங்காக இல்லாதபோது வால் பகுதியைக் கவனிக்க வேண்டும். 200 பிட் என்றால் கடைசிச் சொல்லான சொல்[3]-இல் 200 - 192 = 8 பிட்தான் உங்களுடையது. இடப்பக்கம் தள்ளினாலோ, ~ போட்டாலோ மேலே உள்ள 56 பிட்களில் குப்பை சேரும். படிக்கும்போது தெரியாது. ஆனால் 1-களை எண்ணினால் கணக்கு எகிறும், இரண்டு வரிசைகளை மெம்கம்ப் கொண்டு ஒப்பிட்டால் சமமானவை வேறு என்று வரும். அந்த இரண்டு செயல்களுக்குப் பின்னும் சொல்[3] &= ((யு64)1 << 8) - 1; என்று துடைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு சொல்லில் எத்தனை 1 உள்ளன என்று வேகமாக எண்ணுவது எப்படி?
(வாசகர், சேலம்)

ம &= ம - 1 என்று (ம உங்கள் சொல்) 0 ஆகும்வரை செய்து, எத்தனை முறை என்று எண்ணுங்கள். 1011 0000-இல் ஒன்றைக் கழித்தால் 1010 1111. இரண்டையும் & செய்தால் 1010 0000. கடைசி 1 மட்டும் உதிர்ந்துவிட்டது. பலரும் சி நூலின் இணை ஆசிரியர் கெர்னிகன் பெயரில் சொல்லும் இந்த உத்தியை 1960-லேயே பீட்டர் வெக்னர் வெளியிட்டிருக்கிறார்.

அன்றாட வேலைக்கு ஜிசிசியின் பில்ட்இன் பாப்கவுன்ட் போதும். ஆனால் அது 32 பிட் அன்சைன்டு இன்ட்டைத்தான் வாங்கும். யு64-ஐக் கொடுத்தால் மேல் பாதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு எண்ணும். பெயரின் கடைசியில் எல்எல் உள்ளதைப் பயன்படுத்துங்கள். சி23-இல் ஸ்டிட்பிட் என்ற புது ஹெடரே இதற்காக வந்திருக்கிறது.

கேள்வி: கோப்பில் தமிழ் எழுத்துகளைத் தேடுகிறேன். யுடிஎஃப்-8-இல் (யுனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) தமிழ் எழுத்தின் முதல் பைட் 224 என்று படித்தேன். சார் அரேயில் வாசித்து, பைட் == 224 என்று பார்த்தால் ஒருமுறைகூட உண்மையாவதில்லை.
(மொழித் தொழில்நுட்ப ஆர்வலர், மதுரை)

இன்டெல் கணினிகளில் வெறும் சார் என்பது குறியுள்ளது, -128 முதல் 127 வரை. 224 அதற்குள் -32 ஆகக் கிடக்கிறது. ஒப்பிடும்போது இரண்டும் இன்ட்டாக நீளும், -32 எப்போதும் 224 ஆகாது. ஆர்ம் லினக்ஸில் சார் குறியில்லாதது, அங்கே இதே நிரல் ஓடும். அதனால் ராஸ்பெர்ரி பையில் சரியாக ஓடியதை நம்பி ஏமாறுவோர் உண்டு. யு8 அரேயில் வாசியுங்கள்.

அடுத்து, அந்த மூன்று பைட்டுகளைப் பிரிப்பது. 'அ' எழுத்தின் யுனிகோட் எண் 2949. பைட்டுகள் 224, 174, 133. பிட்டாக எழுதினால்:

1110 0000   10 101110   10 000101

முதல் பைட்டின் 1110 "மொத்தம் மூன்று பைட்" என்கிறது. மற்ற இரண்டின் 10 "நான் தொடர்ச்சி" என்கிறது. மிஞ்சும் 4 + 6 + 6 = 16 பிட்கள்தான் எண்:

எண் = ((ப1 & 15) << 12) | ((ப2 & 63) << 6) | (ப3 & 63);

0, பிறகு 46 × 64 = 2944, பிறகு 5. கூட்டினால் 2949.

இரண்டாம் பைட் 174 என்று நிரலில் கெட்டியாக எழுதிவிடாதீர்கள். தமிழுக்கான பகுதி 2944 முதல் 3071 வரை, அதில் பின் பாதிக்கு இரண்டாம் பைட் 175. மெய்யெழுத்தின் புள்ளி (எண் 3021) 224, 175, 141 என்று வரும். 174-ஐ மட்டும் பார்க்கும் நிரலில் அம்மா 'அமமா' ஆகிவிடுவாள்.

எழுத்துகளை எண்ண வேண்டுமானால் (ப & 192) != 128 ஆகும் பைட்டுகளை எண்ணினால் யுனிகோட் குறிகளின் எண்ணிக்கை வரும். ஆனால் 'கி' அதில் இரண்டு: க 2965, அதன் கொக்கி 3007. நாம் எழுத்து என்று சொல்வதை எண்ண, 3006 முதல் 3021 வரையுள்ளவற்றையும் 3031-ஐயும் விட்டுவிடுங்கள். 'க்ஷ' போன்றவை அப்போதும் இரண்டாகத்தான் வரும், அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும்.

கேள்வி: அர்டுயினோ யூனோவில் டைமர் 1-இன் டிஓவி1 கொடியைத் துடைக்க டிஐஎஃப்ஆர்1 |= (1 << 0) என்று எழுதியபோது சரியாக இருந்தது. ஓசிஎஃப்1ஏ-வையும் சேர்த்து |= 3 என்று மாற்றினேன். இப்போது நான் தொடாத ஐசிஎஃப்1 கொடியும் காணாமல் போகிறது. ஏன்?
(மின்னணுவியல் மாணவர், ஈரோடு)

டிஐஎஃப்ஆர்1 என்பது டைமர் 1-இன் கொடிகள் நிற்கும் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடம்), கொடி ஒவ்வொன்றும் அதில் ஒரு பிட். அதில் 1 எழுதினால்தான் கொடி துடைக்கப்படும். |= என்பது படி, சேர், திருப்பி எழுது என்ற மூன்று வேலை. படிக்கும்போது ஐசிஎஃப்1 (ஐந்தாம் பிட்) 1 ஆக இருந்தால், திருப்பி எழுதும்போது அங்கேயும் 1 போகும், அதுவும் துடைக்கப்படும்.

முதலில் பிழைத்தது தற்செயல். ஒரே பிட் என்பதால் கம்பைலர் எஸ்பிஐ என்ற ஒற்றைக் கட்டளையாக மாற்றியிருக்கும். யூனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் அந்தக் கட்டளை குறிப்பிட்ட பிட்டை மட்டும் தொடும். இரண்டு பிட் என்றதும் அந்த வழி அடைபட்டுவிட்டது. டிஐஎஃப்ஆர்1 = 3 என்று நேரடியாக எழுதுங்கள். 0 எழுதப்படும் கொடிகளுக்கு எதுவும் ஆகாது. எழுதுவதற்கு | வேண்டாத ரெஜிஸ்டர்களில் இது ஒன்று. அந்தச் சிப்பின் பின்பி இன்னொன்று, அதில் 1 எழுதினால் போர்ட்பி-யின் அந்தப் பிட் டாகிள் ஆகும். 13-ஆம் பின்னில் உள்ள விளக்கை மாற்ற பின்பி = 1 << 5 போதும்.

கேள்வி: ஸ்ட்ரக்டுக்குள் இன்ட் கொடி : 1; என்று வைத்து அதில் 1 போட்டேன். உடனே கொடி == 1 என்று பார்த்தால் பொய் என்கிறது!
(வாசகி, யாழ்ப்பாணம்)

குறியுள்ள ஒற்றை பிட்டில் அந்த ஒரு பிட்டே குறி பிட். அதனால் அதில் நிற்கக்கூடிய மதிப்புகள் 0, -1 மட்டுமே. ஜிசிசி இன்ட்டைக் குறியுள்ளதாக எடுத்துக்கொள்கிறது, நீங்கள் போட்ட 1 அங்கே -1. அன்சைன்டு கொடி : 1; என்று மாற்றுங்கள். இந்த ஸ்ட்ரக்டைக் கோப்பிலோ நெட்வொர்க்கிலோ அப்படியே எழுதும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். பிட்கள் இடமிருந்து வைக்கப்படுமா, வலமிருந்தா என்பதைத் தரம் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. அங்கெல்லாம் ஷிஃப்டும் மாஸ்க்கும்தான்.